சாவ் என்று ஒரு பெயர்

தூத்துக்குடிக்காரனான எனக்கு வெளிநாடு என்றால் கப்பல் ஏறிப் போகும் இடம். சிதம்பரத்துக்கு வாத்தியார் வேலைக்கு வந்த பிறகுதான், காலையில் கட்டுச்சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டால் அதை அவிழ்ப்பதற்குள் வெளிநாட்டில் இருக்கலாம் என்று தெரிந்தது. அந்த வெளிநாட்டில்தான் பெண்ணும் எடுத்தேன். என் மனைவியின் பிறந்த வீடு பிரெஞ்சுக்காரன் ஆளும் புதுச்சேரியில் முத்தியால்பேட்டை.

கல்யாணத்துக்குப் போனதோடு சரி. அதன்பின் மாமனார்தான் வந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக அவராலும் வர முடியவில்லை. மில்லில் நாற்பது வயது வரை விழுங்கிய பஞ்சுத் தூசி ஐம்பது வயதில் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. படுக்கையில் இருக்கிறார் என்று கேள்வி. இப்படி இருக்கும்போது, சிதம்பரத்துக்குப் பாத்திரம் விற்க வந்த ஒருவர் என் மாமியார் சொன்னதாக ஒரு செய்தி கொண்டுவந்தார்.

"மாப்ள படிச்சவரு. ஒரு நட வந்து ஒரு பேரு வச்சிக் குடுத்துட்டுப் போவச் சொன்னாங்க."

அவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. என் மனைவி யோசித்துப் பார்த்தாள். "எங்க வூட்ல பேரு வைக்கக் கொழந்த ஏது? தம்பி சைகோன்ல இருக்கான். அப்பா படுத்துக் கெடக்கறாரு. போய்தான் பாத்துட்டு வாங்களேன்." அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. பஸ்ஸில் ஏற்ற முடியாது. நான் மட்டும் புறப்பட்டேன்.

பஸ் கடலூரைத் தாண்டியதும் சாலையோரத்து மணலில் சக்கரம் புதைத்துக்கொண்டு நின்றது. ஆண்பிள்ளைகள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். குடையும் கோட்டுமாக இருந்த ஒரு பெரியவர் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. "நான் பிரெஞ்சு பிரஜை. இது இங்கிலீஷ்காரன் ரோடு. அவன் ஜனங்க தள்ளட்டும்" என்றார். தள்ளினோம். எல்லையைத் தாண்டிய பிறகு இன்னொரு முறை வண்டி நின்றது. அப்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

எல்லையில் சிவப்புத் தொப்பிச் சிப்பாய் ஒருவர் மூட்டைகளைத் தடவிப் பார்த்து ஒவ்வொருவர் பெயரையும் கேட்டார். நான் என் பெயரைச் சொன்னேன்.

"பனிமயமா? எந்த ஊர்ல பனி?"

எங்கள் ஊர் மாதாவுக்கு அதுதான் பெயர் என்று சொன்னேன். ரோமாபுரியில் ஒரு கோடைக்காலத்தில் குன்றின் மேல் பனி பெய்ததாம். பனி பெய்த இடத்தில் கோயில் கட்டினார்களாம். அந்தப் பெயரைப் போர்த்துகேயர் கப்பலில் கொண்டுவந்து எங்கள் கரையில் இறக்கிவிட்டுப் போனார்கள். உப்பளத்தைத் தவிர வெள்ளையாக வேறு எதையும் பார்த்திராத ஊரில் தெருவுக்கு நாலு பனிமயம் உண்டு. சிப்பாய் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "சரி, வெயிலு ஏறுது, உருகிடாமப் போய்ச் சேருங்க" என்று மூட்டையைத் திருப்பித் தந்தார்.

பஸ் நின்ற இடத்திலிருந்து முத்தியால்பேட்டைக்குப் புஷ்புஷ் வண்டி பிடித்தேன். இதை எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை. சக்கரம் வைத்த நாற்காலிதான். இழுக்க ஆள் கிடையாது, பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். முன்சக்கரத்தோடு சேர்ந்த ஒரு கம்பி நம் கையில் இருக்கும். எங்கே திருப்ப வேண்டுமோ அங்கே நாம்தான் திருப்பிக்கொள்ள வேண்டும். கூலியும் கொடுத்து வேலையும் பார்க்கிற வண்டி.

வண்டிக்காரருக்கு முப்பது வயது இருக்கலாம். யார் வீடு என்று கேட்டார். மில்லில் வேலை செய்த சவரிமுத்து வீடு என்றேன்.

"ஓ, சாவு வூடா? அத மொதல்லயே சொல்ல வேணாமா?"

கையில் இருந்த கம்பியை விட்டுவிட்டேன். அடுத்த கணம் வண்டியின் முன்சக்கரம் சாக்கடையில் இருந்தது, நான் சாக்கடைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். என் வேட்டியும் மனைவி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலமும் சேற்றில் இருந்தன.

"எப்போ போனாரு?" என்று உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"யாரு எங்க போனா?" என்றார் வண்டிக்காரர். பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "ஐயோ, அவரு நல்லாத்தான் இருக்காரு. அவரு புள்ள சைகோன்லேர்ந்து ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டு வந்திருக்கு. அந்தப் பொண்ணு பேரு சாவு. அதனால தெருவுல எல்லாரும் சாவு வூடுன்னுதான் சொல்றாங்க."

எனக்கு அப்போதுதான் யாருக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, என்னையும் தூக்கி நிறுத்தியவர், மீதி வழியெல்லாம் என்னைச் சமாதானம் செய்வதற்காகத் தன் பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அவர் பெயர் பெத்னா. அவர் பிறந்தது ஜூலை பதினாலாம் தேதி. பிறப்பைப் பதியப் போன அப்பாவிடம் குமாஸ்தா, என்ன பெயர் என்று கேட்டாராம். இன்னும் வைக்கவில்லை என்றாராம் அப்பா. குமாஸ்தா சுவரில் தொங்கிய பிரெஞ்சு நாள்காட்டியைப் பார்த்தார். ஒவ்வொரு தேதிக்கும் ஓர் அர்ச்சியசிஷ்டவர், அதாவது ஒரு புனிதர் பெயர் போட்டிருக்கும். அந்தத் தேதிக்கு எதிரே 'ஃபெத் நா' என்று குறுக்கி எழுதியிருந்தது. அதையே எழுதிக்கொண்டார். அது தேசியத் திருநாள் என்பதன் சுருக்கம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் சொல்லித்தான் இவருக்கே தெரியும்.

"எங்கம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. பெத்த நாள்னு வச்சிருக்காங்கன்னு சந்தோசமா இருந்துட்டுப் போயிட்டாங்க" என்றார் பெத்னா. "வருசா வருசம் என் பொறந்த நாளுக்கு கவர்னர் வூட்ல பேண்டு வாசிக்கிறாங்க. வேற யாருக்கு நடக்கும்?"

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். என் வேட்டியைப் பார்த்தார், வெந்நீர் போட உள்ளே போனார். மாமனார் கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டார். ஆனால் குரலில் இருந்த கிண்டல் அப்படியே இருந்தது.

"வாங்க மாப்ள. சாவு கொண்டாந்து குடுக்கற காப்பியக் குடிங்க. எங்க வூட்ல மட்டுந்தான் கெடைக்கும்."

கிண்ணத்தில் காப்பியோடு வந்தவள் சிறிய உருவம். கறுப்புக் கால்சட்டையும் முழங்கால் வரை தொங்கும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தாள். முகம் வட்டமாக, அமைதியாக இருந்தது. காப்பியை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். பின்னால் என் மைத்துனன் தேசிரே நின்றான். அவன் பெயருக்கும் ஒரு கதை உண்டு. கல்யாணமாகிப் பத்து வருடம் ஆண்பிள்ளை இல்லாமல் இருந்து பிறந்தவன். பிரசவம் பார்த்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ வைத்த பெயர் அது. ஆசைப்பட்டுக் கிடைத்தவன் என்று அர்த்தம். சைகோனில் வரி வசூலிக்கும் இலாகாவில் நாலு வருடம் இருந்தான். அங்கேயே நகரசபையில் கல்யாணத்தைப் பதிந்துகொண்டு ஒரு மாதத்துக்கு முன் வந்து இறங்கியிருக்கிறான்.

நடந்ததை மாமியார் சமையலறை நிலைப்படிக்கு உள்ளிருந்து சொன்னார். மாப்பிள்ளைக்கு எதிரே நேராக உட்கார்ந்து பேச மாட்டார்.

வந்த இரண்டாம் நாள் தேசிரே கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். துண்டு கேட்டு, "சாவ், சாவ்" என்று உரக்கக் கூப்பிட்டான். படுக்கையில் நோயாளி இருக்கிற வீடு. பக்கத்து வீட்டுக்காரி தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். அவள் புருஷன் நேரே கோயிலுக்கு ஓடினான். கோயில்பிள்ளை துக்கமணி அடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பெட்டி செய்கிற தச்சர் அளவெடுக்க வந்து நின்றார்.

"ஆருக்குப் பொட்டின்னு கேட்டுக்கிட்டு எழுந்து உக்காந்தேன் மாப்ள" என்றார் மாமனார். "வந்தது வந்துட்ட, இந்தக் கட்டில் காலு ஆடுது, அதச் சரி பண்ணிட்டுப் போன்னேன். நல்லா பண்ணிக் குடுத்துட்டுப் போனான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அந்தப் பெண் ஓடிவந்து அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். இருமல் அடங்கும்வரை விடவில்லை. உள்ளிருந்து மாமியார் சொன்னார்: "கை தங்கம் மாப்ள. நான் ஒண்ணும் கொற சொல்லல. ஆனா அந்தப் பேரு இந்த வூட்ல கேக்கறப்பெல்லாம் அவருக்கு மூச்சு இருக்குதான்னு ஓடிப் போய்ப் பாக்கறேன். படுத்திருக்கற மனுசன் காதுல நாளைக்கு எத்தன தரம் அந்த வார்த்த வுழுது. எப்பவாவது ஒரு நாளைக்கு அதுவே கேட்டுக்கிட்டு வந்துடுச்சின்னா?"

இரவுச் சாப்பாடு இரண்டு சமையலாக இருந்தது. மாமியார் வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தார். மருமகள், அரிசிமாவில் மெல்லிய தாளாகச் செய்த ஒன்றில் இறாலும் கீரையும் சுருட்டி எண்ணெயில் பொரித்திருந்தாள். அதைத் தொட்டுக்கொள்ள ஒரு சிறு கிண்ணத்தில் மீன் தண்ணீர் மாதிரி ஒன்று. வாசனை எங்கள் ஊர்க் கருவாட்டுக் கொட்டகையை அப்படியே கொண்டுவந்தது. கடல் இல்லாத ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். நான் கடற்கரைக்காரன். மூன்றாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் முதல் தடவையாக முகம் மலர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலையில் ரொட்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். முழங்கை நீள ரொட்டி. வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் இருந்தது. இட்லியை விட்டுவிட்டு அதையே காப்பியில் நனைத்துத் தின்றேன். பிறகு தேசிரேயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கடல் பாலத்தின் நுனியில் நின்றோம். தூரத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. சரக்கு இறக்கும் சலங்குப் படகுகள் மூட்டைகளோடு அலையில் ஏறி இறங்கின. எங்கள் ஊரிலும் இப்படித்தான், கப்பல் கரைக்கு வராது, நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

"அவ பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"ஆறு, மச்சான். ஒண்ணு ரெண்டுன்னு எண்றோமே, அந்த ஆறு. அவங்க ஊர்ல புள்ளைங்கள வரிசைப்படி எண்ணத்தச் சொல்லித்தான் வூட்ல கூப்புடுவாங்க. அவ அஞ்சாவது."

"அஞ்சாவதுக்கு ஏன் ஆறு?"

"மொதப் புள்ளையவே ரெண்டுன்னுதான் கூப்புடுறாங்க. ஏன்னு நான் கேட்டதில்ல. அப்படித்தான்."

"வேற பேர் ஏதாவது வச்சுக்கலாமே."

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், அவ அப்பா அம்மா வுட்டுட்டு வந்துட்டா. அந்த ஊரு சோறு, பேச்சு, துணிமணி எல்லாம் வுட்டுட்டு வந்துட்டா. அவகிட்ட இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் குடுத்துடுன்னு நான் எந்த வாயால கேக்கறது?"

வாத்தியாருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மாமியார் வீட்டில் சொல்ல முடியாதே. திரும்பும் வழியில் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர். தமிழை எங்களைவிடச் சுத்தமாகப் பேசினார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் மூக்கு வழியாக வந்தது. ஞானஸ்நானம் கொடுக்கும்போது நல்ல பெயராக வைத்துவிடலாமே என்று கேட்டேன்.

"பெயர் கொடுப்பது கடினமன்று, பிள்ளாய்" என்றார் அவர். "அதைக் கேட்கிறவள் அவளாக இருக்க வேண்டும். உன் மாமியார் கேட்டால் போதாது."

பிறகு என் பெயரைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். அவர் ஊரில் மலையெல்லாம் பனிதானாம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கிற மலை. மாமனார் பெயரைச் சொன்னதும் இன்னும் சந்தோஷமானார். "சவரி என்றால் சவேரியார். அவர் எங்கள் மலைக்காரர். ஆனால் அது ஆளின் பெயரன்று, அவர் பிறந்த இடத்தின் பெயர். எங்கள் மலைப் பாஷையில் புதிய வீடு என்று பொருள்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். மாமனார் கூரையைப் பார்த்தார். "புது வூடா? பேரப் பாத்தா அப்படி. நான் பொறந்ததுலேர்ந்து வாடக வூடு."

பெண்ணின் பெயருக்கு ஆறு என்று அர்த்தம் என்பதையும் மாமியாரிடம் சொன்னேன். "அர்த்தம் ஆறோ நூறோ மாப்ள. காதுல வுழுறது என்னா?" என்றார். அதோடு அந்த வழி அடைபட்டது.

இரவெல்லாம் யோசித்ததில் எனக்கு ஒரு பெயர் அகப்பட்டது. விடிந்ததும் சொன்னேன். அன்னம்மாள். மாதாவின் தாயார் பெயர், ஆகவே கோயிலுக்குப் பொருந்தும். பிரெஞ்சுக்காரர்கள் அவள் தேசத்துக்காரர்களை அன்னாமியர் என்கிறார்கள், ஆகவே அவளுக்கும் பொருந்தும். தமிழில் அன்னம் என்றால் சோறு. இதைவிட மங்களமாக என்ன வேண்டும்? மாமியார் நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கே வந்துவிட்டார். "அன்னம்மா. நல்லா இருக்குதே" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரியும் நல்லா இருக்கிறது என்றாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

தேசிரே அவளிடம் அவள் பாஷையில் சொன்னான். அன்னம் என்ற சொல் வந்ததும் அவள் முகம் சுண்டியது. மெதுவான குரலில் நிறையப் பேசினாள். அவன் எங்களுக்குச் சொன்னான்.

"அது அவங்க வச்சுக்கிட்ட பேரு இல்லியாம். அந்தக் காலத்துல சீனாக்காரன் அவங்கள அடக்கி வச்சப்ப போட்ட பேராம். இப்ப வெள்ளக்காரன் அவங்களத் திட்டறதுக்கு அதத்தான் சொல்றானாம். சந்தையில தள்ளிவுடறப்ப, ஏய் அன்னாமின்னுதான் சொல்வானாம். வேணாங்கறா."

என் மங்களகரமான பெயர் அங்கேயே விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஜனத்தின் முதுகில் யாரோ ஒட்டிய சீட்டை எடுத்து அவள் நெற்றியில் ஒட்டப் பார்த்திருக்கிறேன்.

அவள் இன்னும் ஏதோ கேட்டாள். தேசிரே தலையைக் குனிந்துகொண்டான். மறுபடி கேட்டாள். அவன் சுருக்கமாக ஏதோ சொன்னான்.

"என்ன கேட்டா?" என்றேன்.

"எம் பேருல என்ன குத்தம்னு கேக்கறா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல, இங்க ஜனங்க நாக்குல வரலன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன? அவளுக்கு இன்னும் சொல்லவே இல்லியா?"

தேசிரேயின் குரல் உயர்ந்தது. "எப்படிச் சொல்றது மச்சான்? உங்கம்மா வச்ச பேரு எங்க ஊர்ல பொணத்துக்குச் சொல்றதுன்னு சொல்லவா? நான் கூப்புட்டா தெருவுல சிலுவ போட்டுக்கறாங்க. தன்னப் பேயின்னு நெனைக்கறாங்கன்னு அவ நெனைச்சிக்கிட்டிருக்கா. ராத்திரில அழுவறா. இருக்கவே வேணாம். அடுத்த கப்பல்ல திரும்பிப் போறோம்."

மாமியார் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். கட்டிலிலிருந்து மாமனார்தான் பேசினார். அதில் கிண்டல் இல்லை.

"தேசிரே, சொல்லிட்றா. கப்பலேறிப் போயி அங்க சொல்லப் போறத இங்கயே சொல்லிடு. அவ என் மூத்திரத் துணிய அலசறவ. அவகிட்ட ஒளிக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல."

அவன் சொன்னான். எனக்குப் புரியாத அந்தப் பேச்சின் நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் கேட்டது. அவள் கட்டிலைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். அந்தக் கைகளால்தான் அவரைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் வரை வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. மில் சங்கு ஊதியது. அதற்குப் பிறகு மாமியார் ஒரு தட்டில் ரொட்டியும் ஒரு கிண்ணத்தில் காப்பியும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். என்னைத் தாண்டிப் போகும்போது, "மாப்ள, அவனக் கூட்டியாங்க. நான் சொல்றத அவளுக்குச் சொல்லட்டும்" என்றார். நானும் தேசிரேயும் போய்த் துவைக்கிற கல்லின் பக்கத்தில் நின்றோம்.

மாமியார் அவள் அருகே தரையில் உட்கார்ந்தார். "எம் பேரு என்னான்னு அவளுக்குத் தெரியுமா, கேளுடா. கோயில்ல வச்ச பேரு மதலேன். தெருவுல யாரு மதலேன்னு கூப்புடுறா? தவிட்டம்மாதான். எங்கம்மாவுக்கு எனக்கு முன்னாடி மூணு புள்ள தங்கல. நான் பொறந்ததும் குப்பமேட்டுல கொண்டுபோய்ப் போட்டாங்க. பக்கத்து வூட்டுக்காரி எடுத்துக்கிட்டா. அவகிட்டேர்ந்து எங்கம்மா ஒரு மொறம் தவிட்டக் குடுத்து என்ன வாங்குனாங்க. தவிட்டுக்கு வாங்குனது, இதுக்கு என்னா மதிப்புன்னு சாவு திரும்பிப் போயிடும்னு. அதான் பேரு. சின்ன வயசுல அந்தப் பேரச் சொன்னா எனக்கு அழுவ வரும். எல்லாப் பொண்ணுங்களும் சிரிப்பாங்க. இப்ப சொல்லு அவளுக்கு."

தேசிரே சொல்லச் சொல்ல அந்தப் பெண் மாமியார் பக்கம் திரும்பினாள். ஒரு கட்டத்தில் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு அவளே வேகமாகப் பேசினாள். தேசிரேக்கே அது புதிதாக இருந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"ஏன் ரெண்டுலேர்ந்து எண்றாங்கன்னு சொல்றா. மூத்த புள்ள மேலதான் அதுக்குக் கண்ணாம். வந்து, இந்த வூட்ல ஒண்ணு யாருன்னு தேடுமாம். ஒண்ணுன்னு யாருமே இருக்க மாட்டாங்க. ரெண்டுலேர்ந்துதான் ஆரம்பம். வூடு மாறி வந்துட்டோம் போலன்னு திரும்பிப் போயிடுமாம். அவங்கம்மா அப்படித்தான் ஏழு புள்ளையக் காப்பாத்தினாங்களாம்."

"அங்கயும் வருதா அது?" என்றார் மாமியார். "உங்கம்மா கெட்டிக்காரிதான். எங்கம்மா ஒரு மொறம் தவிட்ட எழந்தாங்க. உங்கம்மா செலவில்லாம ஏமாத்திட்டாங்க."

தேசிரே அதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மாமியார் ரொட்டியைப் பிட்டு அவள் கையில் கொடுத்தார்.

ரொட்டியைத் தின்று முடித்த பிறகு அவள் புருஷனிடம் ஒன்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் மாமியாரின் விரல்களைப் பிடித்துத் தானே காட்டினாள். எண்ணிச் சொல்லச் சொல்கிறாள் என்று புரிந்தது. மாமியார் விரல் விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவளும் கூடவே சொன்னாள். அடுத்த கையின் முதல் விரலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"ஆறு" என்றார் மாமியார்.

"ஆரு" என்றாள் அவள், தன் நெஞ்சில் கை வைத்து.

"ஆறு."

"ஆரு."

"அது போதும்" என்றார் மாமியார். அவர் கண் கூடத்துப் பக்கம் போனது. "ஆறட்டும். அவருக்கும் நெஞ்சு ஆறட்டும்."

ஒரு நிபந்தனை இருந்தது. அதையும் தேசிரேதான் எங்களுக்குச் சொன்னான். வீட்டிலும் தெருவிலும் அவள் ஆறு. கடற்கரைக்குப் போகும்போது அவன் அவளைப் பழைய பெயரில்தான் கூப்பிட வேண்டும். அங்கே அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. மாமியார் ஒப்புக்கொண்டார். "வாரத்துல நாலு நாளு வேணாலும் போங்க" என்றார். அடுத்த கப்பல் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல் இருந்தது. படித்தவன் என்று கூப்பிட்டார்கள். சாமியாரைப் பார்த்தேன், இரவெல்லாம் விழித்தேன், கடைசியில் வீட்டு எண்ணிக்கையில் இருந்த சொல்லை அவளே எடுத்துக்கொண்டாள். இதை மாமனாரிடம் சொன்னேன். "நீங்க வராம இருந்திருந்தா அந்த அன்னம்மா பேச்சு வந்திருக்காது. அது வராம இவ கேட்டிருக்க மாட்டா. இவன் சொல்லியிருக்க மாட்டான். சாக்கடையில வுழுந்து வந்ததுக்குப் பலன் உண்டு மாப்ள" என்றார்.

மறுநாள் காலையில் புறப்பட்டேன். மாமியார் மகளுக்கென்று கொழுக்கட்டையும், மருமகள் ஒரு சீசாவில் அடைத்த அந்த மீன் தண்ணீரும் கொடுத்தார்கள். எல்லையில் இந்தப் பக்கத்துச் சுங்கக்காரர்கள் சீசாவைத் திறந்து மோந்தால் பிரெஞ்சு பிராந்தி என்று ஒருநாளும் நினைக்க மாட்டார்கள் என்று தைரியமாக வாங்கி வைத்துக்கொண்டேன். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். சொல்லி வைத்திருந்த பெத்னாவைக் காணோம். வெயில் சுள்ளென்று அடித்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நிழலுக்காக மறுபடி வீட்டுப் படியேறிச் சாத்தியிருந்த கதவைத் தட்டினேன்.

உள்ளே கட்டிலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "ஆரு?"

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து விடுவிடுவென்று காலடி ஓசை கேட்டது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மருமகள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றாள்.

மாமனார் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒன்னக் கூப்புடலம்மா. வாசல்ல ஆருன்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் இன்னும் குனிந்து, என்ன வேண்டும் என்பது போல் அவர் முகத்தருகே காதைக் கொண்டுவந்தாள்.

"சரி, வந்துட்ட" என்றார் மாமனார். "கொஞ்சம் தண்ணி குடு."